அளவு ஜாக்கெட்

உக்காரட்டுமா தாயி? இந்த ஸ்டூல் ஆடுதே, தாங்கும்ல? ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடு. தெப்பக்குளத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து நடந்தே வாரேன். நான் இம்புட்டுத் தூரம் நடந்தா அதுக்குப் பேரு நடை இல்ல. எங்க வீட்டுல ஒருத்தி மொட்டை மாடியில நாலு சுத்து சுத்துனா அதுக்குப் பேருதான் நடை. அத அப்புறம் சொல்றேன். முதல்ல துணியப் பாரு.

ரெண்டு ஜாக்கெட் துணி. ரெண்டும் ஒரே அரக்குப் பட்டு. எங்க நாத்தனா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரு எங்க வீட்டுல இருந்துதான் போகணும். மாமன் ரெண்டு பேரு. மூத்தவரு எங்க வீட்டுக்காரரு, இளையவன் எங் கொழுந்தன். பொண்டாட்டிமாரு ரெண்டு பேரும் ஒண்ணுபோலக் கட்டணும்னு ஒரே மாதிரி சேலை எடுத்திருக்கு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு என் ஓரகத்தி தாரணிக்கு. அளவு ஜாக்கெட்டும் ரெண்டு பேருதும் கொண்டாந்திருக்கேன். மாம்பழக் கலரு என்னுது. ஊதாக் கலரு அவளுது. மாத்திறாத.

அவளுதுல மட்டும் ஒரு சின்ன வேலை இருக்கு தாயி. கிட்ட வா. அக்குள்கிட்ட லேசாப் பிடிச்சுத் தைக்கணும். கையத் தொங்கப் போட்டா ஒண்ணும் தெரியக் கூடாது. கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தாலும் அம்சமா இருக்கணும். ஆனா சீர்த்தட்டைத் தூக்கி நெஞ்சுக்கு நேரா பிடிச்சா, அங்க இழுக்கணும். கிழிஞ்சிறக் கூடாது. ஐயய்யோ, சபைல கிழிஞ்சா அது பாவம்ல? கிழிய வேண்டாம். சங்கடப்படணும். அஞ்சு நிமிசம் பிடிச்சுட்டு, "அக்கா, நீங்க வாங்கிக்கோங்க"ன்னு தட்ட எங்கிட்ட குடுத்திறணும். அம்புட்டுதான் வேலை.

என்ன அப்படிப் பாக்குற? பொறாமைன்னு நினைக்கிறியா? எனக்கெல்லாம் பொறாமையே கிடையாது, எங்க தெருவுல யார வேணாலும் கேளு. முழுசாக் கேட்டுட்டு நீயே சொல்லு. துணிய வெட்டிக்கிட்டே கேளு, உன் வேலையும் நடக்கட்டும். இல்ல, வெட்டாத. பேச்சு சுவாரசியத்துல பட்டக் கோணலா வெட்டிராத. சும்மா கேளு.

தாரணி மதுரைப் பிள்ள. கல்யாணமாகி வந்தப்ப மாடியில அவங்க, கீழ நாங்களும் எங்க மாமியாரும். அடுப்படி ஒண்ணுதான். வந்த புதுசுல பாவம், சோறு வடிக்கத் தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். "அக்கா, அக்கா"ன்னு வாலப் பிடிச்ச மாதிரி பின்னாலயே வருவா. அப்பல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு பிள்ளை பிறந்துச்சு, உடம்பு கொஞ்சம் பூசுனாப்ல ஆச்சு. பிள்ள பெத்தா எல்லாருக்கும்தானே ஆகும்? இவளுக்கு மட்டும் ஆகக் கூடாதாம். செல்போனப் பாத்துப் பாத்து ஆரம்பிச்சா.

காலைல எந்திரிச்சதும் சீரகத் தண்ணி. பல்லு விளக்குறதுக்கு முன்னாடியே மாடில நடை. அரிசி கழுவுன தண்ணியில மூஞ்சியக் கழுவுறா. எங்க வீட்டு மாடு இருந்த காலத்துல அதுக்கு ஊத்துன தண்ணிய இவ மூஞ்சிக்கு ஊத்துறா. வெந்தயத்த ஊற வச்சு அரைச்சுத் தலைல அப்பிக்கிறா. எலுமிச்சம்பழத் தோலு வச்சு பாத்திரம் கழுவுற தொட்டியத் தேய்க்கிறா. தொட்டி பளபளன்னுதான் ஆச்சு, இல்லங்கல. நான் அத்தன வருசமா சாம்பல் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்ச்சேன், அப்பல்லாம் எங்க மாமியா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. இவ எலுமிச்சந்தோல வச்சு ஒரு தேய்ப்புத் தேய்ச்சா, "ஏ செண்பகம், வந்து பாருடி, மூஞ்சி தெரியுது"ன்னு கூப்பிடுது. அந்தத் தொட்டில எம் மூஞ்சிய நான் பாக்கணுமாம்.

சரி, அவ செஞ்சா செஞ்சுட்டுப் போறா. அத ஊருக்குச் சொல்லணுமா? எங்க சொந்தக்காரங்களுக்குன்னு செல்போன்ல ஒரு குரூப்பு இருக்கு. அதுல தினம் காலைல ஒரு குறிப்புப் போடுவா. "கழுத்துக் கருப்புப் போக உருளைக்கிழங்குச் சாறு." "கோபம் வந்தா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க." போட்ட நிமிசத்துல கைதட்டு, பூ, இதயம்னு வந்து விழும். எங்க சின்னம்மா மக சென்னைல பேங்குல இருக்கா, அவகூட "சூப்பர் தாரணி"ன்னு போடுறா. எனக்கு அவ பதில் போட்டு நான் பாத்ததே இல்ல.

நானும் ஒரு நாள் போட்டேன் தாயி. மீன் கழுவுன கைல வாடை போகப் புளி தேய்க்கணும்னு. எழுத்துக்கூட்டி ஒரு மணி நேரம் அடிச்சேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. எங்க நாத்தனா வீட்டுக்காரரு மட்டும் ஒரு ரோசாப்பூப் படத்தப் போட்டு "இனிய காலை வணக்கம்"னு போட்டாரு. அவரு எனக்குப் போடல, பொதுவாப் போட்டாரு. சாயங்காலமா தாரணி ஒருத்திதான் கைதட்டுப் போட்டா. அதப் பாத்ததும்தான் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. பிச்சை போடுறாளாக்கும்னு தோணுச்சு.

வெந்தயத்த நானும் ஒரு தடவ தலைல வச்சுப் பாத்தேன். ஆசைல இல்ல, இதுல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்க. கதவச் சாத்திக்கிட்டுத்தான் வச்சேன். சளி பிடிச்சிருச்சு. அவளே சுக்குக் காப்பி போட்டுக் கொண்டாந்து, "தலைல என்னக்கா பச்சையா ஒட்டியிருக்கு"ன்னு கேட்டு எடுத்தும் விட்டா. காப்பியக் குடிச்சேன். வேற என்ன செய்ய?

இன்னொரு கூத்து கேளு. கண்ணாடி முன்னாடி நின்னு தனக்குத்தானே நல்ல வார்த்தை சொல்லிக்கணுமாம். அதுவும் செல்போன்ல எவளோ சொன்னதுதான். ஒரு நாள் மாடில துணி எடுக்கப் போனேன், சன்னல் வழியாக் கேக்குது. "நீ பொறுமையான பொண்ணு தாரணி. நீ ரொம்பப் பொறுமையான பொண்ணு." எனக்கு வந்த சிரிப்ப அடக்க முடியல. இவளுக்கு எதுக்கு தாயி பொறுமை? கைக்கு அடக்கமான புருசன், கண்ணுக்கு அழகா பிள்ளை, கேட்டதெல்லாம் செஞ்சு குடுக்க நான் ஒருத்தி. அந்த வீட்டுல அவ யாரப் பொறுத்துக்கிட்டு இருக்கா?

அப்புறம் வீட்ட ஒழுங்கு பண்றேன்னு கிளம்புனா. ஒரு வருசமாத் தொடாத சாமானு நமக்கு வேண்டாத சாமானாம். மாடில எல்லாத்தையும் கழிச்சுக் கட்டிட்டு, கீழ இறங்குனா. எங்க மாமியா பெட்டிய அடுக்குனா. அதுக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து, "அக்கா, உங்க பீரோவயும் அடுக்கித் தரட்டுமா"ன்னு நிக்கிறா. வேண்டாம்னு சொன்னா எதையோ ஒளிச்சு வச்சிருக்கேன்னு ஆகும்ல? சரின்னேன். சேலைய ரகம் ரகமாப் பிரிச்சு, ஜாக்கெட்ட அதுக்குள்ள மடிச்சு வச்சு, நடுவுல வசம்பு போட்டு, திறந்தாப் புதுக்கடை கணக்கா ஆக்கிட்டா. அப்ப இருந்து என் துணியத் தேய்க்கிறதும் அடுக்குறதும் அவதான். நான் கேக்கல. அவளா இழுத்துப் போட்டுக்கிட்டா. எங்க வீட்டுக்காரரு பீரோவத் திறந்து பாத்துட்டு, "இது நம்ம பீரோவா"ன்னாரு. கல்யாணமான நாள்ல இருந்து அந்தப் பீரோவ அடுக்குனவ நானு. ஒரு நாள் அவரு அதப் பத்தி வாயத் திறந்திருப்பாரா?

ஆனா ஒண்ணு தாயி. ஒண்ணுல மட்டும் அவ எங்கிட்ட வர முடியாது. அந்த மாம்பழக் கலரு ஜாக்கெட்ட எடு. அது எங் கல்யாணத்துக்குத் தச்சது. எம் மகன் இப்பக் காலேஜு முடிக்கப் போறான். இன்னைக்கும் எனக்கு அதான் அளவு. ஒரு நூல்கூட மாறல. சீரகத் தண்ணி குடிச்சேனா? மாடில சுத்துனேனா? மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் டீக்கு ரெண்டு காரச்சேவு கடிக்கிறவ நானு. சிலருக்கு உடம்பு வாகு அப்படி.

நடுவுல ஒரே ஒரு தடவ ஒரு மாதிரி ஆச்சு. பங்குனிப் பொங்கலுக்குப் புது ஜாக்கெட்டப் போட்டா கொக்கி எட்டவே இல்ல. மூச்சப் பிடிச்சு இழுத்தேன், ஒரு கொக்கி தெறிச்சு ஓடிப் போச்சு. அழுகையே வந்துருச்சு தாயி. துணி மட்டம், தண்ணி பட்டதும் சுருங்கிருச்சுன்னு கத்துனேன். தாரணிதான் வந்து, "ஆமாக்கா, இப்ப வர்ற துணியெல்லாம் அப்படித்தான்"ன்னா. அவ சொன்ன ஒரே நியாயமான வார்த்தை அதுதான். அன்னைக்கு வேற ஒண்ணக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனேன். ரெண்டு நாள் ராத்திரிச் சோத்த விட்டுட்டு இட்லி மட்டும் சாப்பிட்டேன். அடுத்த வாரம் அதே ஜாக்கெட்டு கச்சிதமா உக்காந்துச்சு. அப்புறம் எத்தன தச்சாலும் எல்லாம் கச்சிதம்தான். நான் அத ஊரக் கூட்டியா சொன்னேன்? குரூப்புல போட்டேனா? அதான் எனக்கும் அவளுக்கும் வித்தியாசம்.

இப்ப ஊதா ஜாக்கெட்டுக்கு வாரேன். ஜாக்கெட்டு தைக்கக் குடுக்கிறது எங்க வீட்டுல எப்பவும் எம் பொறுப்பு. பஜார்ல ராசாத்தின்னு ஒரு டெய்லரு, நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவகிட்டத்தான். போன தீவாளிக்குத் தாரணி அவ துணியையும் என்கிட்டயே குடுத்து, "நீங்களே குடுத்துருங்கக்கா, உங்களுக்குத்தான் பழக்கம்"ன்னா. அன்னைக்கு எனக்கு இருந்த கடுப்பு என்னன்னா, முந்தின நாளுதான் எங்க மாமியா எங்க வீட்டுக்காரரு முன்னாடி, "தாரணி எப்படி இளைச்சுட்டா பாரு, இவளும் இருக்காளே"ன்னுச்சு. இவளும் இருக்காளேன்னா என்ன அர்த்தம்? நான்தான் மாறவே இல்லியே!

அதான் ராசாத்திகிட்ட சொல்லி, சுத்தி ஒரு இஞ்சு பிடிச்சுத் தைக்கச் சொன்னேன். போட்டுப் பாத்தா பத்தாது. ஐயோ, திரும்ப குண்டாயிட்டோமே, இந்தச் சீரகம் வெந்தயமெல்லாம் சும்மாதான் போலருக்கேன்னு விட்டுட்டு, மனுசியா அடங்கிக் கிடப்பாள்னு ஒரு எண்ணம். கெடுதல் நினைக்கல தாயி. அவ நல்லதுக்கும்தான். எந்த நேரமும் உடம்பப் பத்தியே நினைச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?

தீவாளியன்னைக்குப் பாக்குறேன், இதே ஊதா ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு மாடில இருந்து இறங்கி வாரா. சிக்குன்னு, அம்சமா. ஒரு சுருக்கம் இல்ல. கையத் தூக்கி எனக்கு எண்ணெய் தேய்ச்சு விடுறா, ஒண்ணும் இழுக்கல. எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு. நான் ஒரு இஞ்சு பிடிக்கச் சொன்னா, இவ ஒரு இஞ்சு இளைச்சு வந்து நிக்கிறா! வீம்புக்குன்னே இளைச்சிருக்கா! பொங்கலுக்கு இன்னொண்ணு பிடிக்கச் சொன்னேன். அதுக்கும் இளைச்சுட்டா. "நல்லாத் தச்சிருக்காங்கக்கா, ராசாத்தியக்காகிட்ட சொல்லிருங்க"ங்கிறா. இப்படி ஒரு பிடிவாதக்காரிய நீ பாத்திருக்கியா?

சரி, அதோட விட்டுட்டேன். போகட்டும்னு இருந்தேன். இப்பக் கல்யாணப் பேச்சு வந்துச்சு. சீருன்னா உனக்குத் தெரியும், மேளத்தோட மண்டபத்துக்குள்ள போகணும். முதல் தட்டு, மூத்த மாமன் பொண்டாட்டி கைல. சேலை, மாலை, மஞ்சள், குங்குமம் எல்லாம் அதுலதான் இருக்கும். அவ முன்னாடி போவா, மத்தவங்கல்லாம் பின்னாடி வரணும். அது எங்க வழக்கம். எங்க நாத்தனா சடங்குக்கு எங்க மாமியாளோட மூத்த அண்ணன் பொண்டாட்டி தூக்குச்சு. இந்தக் கல்யாணத்துக்கு நான். நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த அன்னைக்கே எழுதுனது அது. எனக்குன்னு அந்த வீட்டுல இருக்கிற ஒரே ஒரு இடம் அதுதான் தாயி. பீரோவும் போச்சு, தொட்டியும் போச்சு, மாமியாளும் போச்சு. அது ஒண்ணுதான் மிச்சம்.

போன வாரம் எங்க நாத்தனா வந்து உக்காந்துக்கிட்டு மென்னு முழுங்குறா. வீடியோக்காரன் சொன்னானாம், சீரு வர்ற காட்சிதான் முதல்ல வருமாம், முன்னாடி வர்றவங்க கொஞ்சம் பாக்க எடுப்பா இருக்கணுமாம். பொண்ணும், "சின்னத்தை முன்னாடி வரட்டும்மா"ன்னுச்சாம். நான் தூக்கி வளத்த பிள்ள! அதுக்கு முதல் முதலா தலை பின்னி விட்டவ நானு! "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ரெண்டாவது தட்டு தூக்குங்க"ங்கிறா. எங்க வீட்டுக்காரரு பேப்பர் படிக்கிறாரு. அப்படியே படிச்சுக்கிட்டே இருக்காரு. ஒரு வார்த்தை சொல்லணுமே!

தாரணி உடனே, "அதெல்லாம் வேண்டாம் அண்ணி, அக்காதான் மூத்தவங்க, அக்காதான் முன்னாடி வரணும். அக்காவுக்கு என்ன குறை? கல்யாணத்துக்குத் தச்ச ஜாக்கெட்டு இன்னும் அவங்களுக்கு அளவு மாறல"ன்னா. எல்லாம் நாடகம். வேண்டாம் வேண்டாம்னு சொன்னாத்தானே எல்லாரும் இன்னும் வேணும் வேணும்னு சொல்வாங்க? அதேதான் நடந்துச்சு. "பாத்தீங்களா, இந்தக் குணம் யாருக்கு வரும்"னு நாத்தனா உருகுறா. குணமும் அவளுக்கே. தட்டும் அவளுக்கே.

அதான் ராசாத்திகிட்ட நேரா போனேன். அக்குள்கிட்ட பிடின்னேன். அவ ரெண்டு ஜாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு சிரிக்கிறா. "உங்க வீட்டு விவகாரத்துல என்னைய விட்டுருங்கக்கா, உங்க ரெண்டு பேரு ஜாக்கெட்டையும் பாக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருது"ங்கிறா. கொழுப்பப் பாத்தியா? வருசக்கணக்கா நம்ம துணியத் தச்சுப் பொழைச்சவ. துணியப் பிடுங்கிக்கிட்டு நேரா உங்கிட்ட வந்துட்டேன். நீ புதுசு, நல்ல கைன்னு சொன்னாங்க.

இப்பச் சொல்லு. நான் கேக்குறதுல என்ன தப்பு?

அத ஏன் உள்பக்கம் திருப்புற? ஊதாதான் அது, அவளுது. என்ன? மிஷின் தையலப் பிரிச்சிருக்கா? எங்க? கண்ணாடி கொண்டாரல, இப்படி வெளிச்சத்துல காட்டு. ஆமா. வரிசையா ஊசி ஓட்டை தெரியுது. அதத் தாண்டி இந்தப் பக்கம் கைத்தையல். அப்ப ராசாத்தி பிடிச்ச ஒரு இஞ்சையும் இவ பிரிச்சு விட்டிருக்கா!

அப்ப இவ இளைக்கவே இல்ல!

அப்படிப் போடு! சீரகமாம், வெந்தயமாம்! அம்புட்டும் பொய்யி! ஊர ஏமாத்தியிருக்கா தாயி! மாடில உக்காந்து ராவோட ராவாப் பிரிச்சு விட்டுக்கிட்டு, கீழ வந்து இளைச்சவ மாதிரி நடிச்சிருக்கா. இரு, செல்போன எடுக்கிறேன். இதப் படம் பிடிச்சு குரூப்புல போடணும். எங்க மாமியா பாக்கட்டும், வீடியோக்காரன் பாக்கட்டும். நீ நல்லா விரிச்சுப் பிடி. மெட்ராஸ்காரியும் பாக்கட்டும், சூப்பர் தாரணின்னாள்ல.

ஏய், என்னுத எதுக்கு எடுக்குற? அத வையி. அதுல என்ன இருக்கு பாக்க? அது கல்யாணத்துக்குத் தச்சது, பழசு. உள்பக்கம்... இதுலயும் ஊசி ஓட்டையா?

அது ராசாத்தி பிரிச்சிருப்பா. டெய்லரு பிரிக்க மாட்டாங்களா? டெய்லரு பிரிச்சா மிஷின்லதான் அடிப்பாங்களா? அதுஞ் சரிதான். இது கைத்தையல்.

இந்தக் கைத்தையல் எனக்குத் தெரியும் தாயி. எம் மகன் காலேஜ் பேன்ட்டெல்லாம் அவதான் கீழ மடிச்சுத் தச்சுக் குடுப்பா. எறும்பு போற மாதிரி பொடிப் பொடியா இருக்கும். வெளிய இருந்து பாத்தா தெரியாது. இதே தையல்தான்.

ஒரு தடவ இல்லியா? ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா, இங்க ஒரு வரி, இங்க ஒரு வரி. ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமா விட்டிருக்கா. அப்ப இத அளவுக்குக் குடுத்துத் தச்சதெல்லாம், ராசாத்தி பெருசு பெருசாத்தான் தச்சுக் குடுத்திருக்கா. அதான் எனக்கு எல்லாம் கச்சிதமா இருந்திருக்கு. அதான் அந்தச் சிரிப்பா அவளுக்கு.

அது என்ன, அக்குள்கிட்ட வேற துணியா? ஒட்டா? உள்ள விட இனித் துணியே இல்லன்னதும் ஒட்டு வச்சிருக்கா. இந்த மாம்பழக் கலரு இப்பல்லாம் எங்க தாயி கிடைக்குது? நானே ஒரு பாவாடைக்குத் தேடி அலுத்துப் போனேன். மதுரைக்குப் போகும்போதெல்லாம் கடை கடையா ஏறி இறங்கியிருப்பா. எதுக்கு? என்னத்துக்காக?

யாரக் கேட்டுச் செஞ்சா இவ? நான் கேட்டேனா? நான் குண்டாயிட்டேன்னு இவளுக்கு இத்தன வருசமாத் தெரிஞ்சிருக்கு. பீரோவ அடுக்குறேன்னு வந்தவ, இதத்தான் அடுக்கியிருக்கா. தெரிஞ்சுக்கிட்டே எல்லார்கிட்டயும், "அக்காவுக்கு அளவே மாறல"ன்னு சொல்றா. நாத்தனா முன்னாடி சொன்னாளே. அப்ப எம் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னா. சிரிக்கக்கூட இல்ல. நாங்கூட நெஞ்ச நிமித்திக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இரு. அப்ப நான் அவளுதப் பிடிக்கச் சொன்னதும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? தெரியாமப் பிரிச்சு விட்டிருக்க முடியாதே. தீவாளிக்கும் தெரிஞ்சிருக்கு. பொங்கலுக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே நேத்து வந்து, "அக்கா, நீங்களே குடுத்துருங்க"ன்னு பட்டுத்துணிய எங் கைல குடுத்திருக்கா.

தண்ணி இருக்கா? இல்ல, குடு. கோபத்துக்கு இல்ல, தாகத்துக்குத்தான்.

எனக்கு எங்க எரியுதுன்னு உனக்குத் தெரியுமா தாயி? அவ ஒரு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மாமியாகிட்ட சொல்லியிருந்தா, எங் கொழுந்தன்கிட்ட சொல்லியிருந்தா, நான் ஒரு சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன். ஒண்ணும் சொல்லாம ஊசிய எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கா பாரு. இதுலயும் அவ முந்திட்டா. நான் கெட்டவளா இருக்கலாம்னு பாத்தா, அதையும் நிம்மதியா இருக்க விட மாட்டேங்கிறா.

யாருக்கு வரும் இந்தப் புத்தி? எனக்கு வருமா? எனக்கு வராது. வராதுன்னு எனக்குத் தெரியும். அதான் இப்படி எரியுது.

ம். செல்போன உள்ள வச்சுட்டேன். படமெல்லாம் வேண்டாம்.

அவ ஜாக்கெட்டா? என்னத்தச் சொல்ல. அக்குள்கிட்டத் தாராளமா விடு. ஆமா, நான்தான் சொல்றேன், தாராளமா விடு. தட்டு கனம் தாயி. பட்டு, தேங்காய், பழமெல்லாம் இருக்கும். மண்டபத்து வாசல்ல இருந்து மேடை வரைக்கும் கை இறக்காமப் போகணும். கீழ வச்சா நல்லா இருக்காது. இழுக்காமப் பாத்துக்க. ரெண்டாவது தட்டும் கனம்தான். அது எம்பாடு.

ஆனா நான் தாராளமா விடச் சொன்னேன்னு அவகிட்ட மூச்சு விட்றாத. தெரிஞ்சா அதுக்கும் சேத்து எனக்கு ஏதாவது நல்லது செஞ்சு தொலைப்பா.

என்னுதா? அந்த மாம்பழக் கலர மடிச்சு இப்படிக் குடு. பைல போட்டுக்கிறேன். அந்த அளவு வேண்டாம்.

திரையை இழுத்து விடு. வெளிய யாரும் நிக்கலல்ல? டேப்ப எடு. மூச்ச இழுத்துப் பிடிக்கல, சும்மாத்தான் நிக்கிறேன், உள்ளபடியே அள. ம். சத்தமாச் சொல்லாத. மனசுல வச்சுக்க, இல்ல சீட்டுல எழுதிக்க. எங்கிட்டயும் சொல்லாத.